அம்மாவின் ‘இஸ்டோர்’

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையை என் அம்மா ‘இஸ்டோர்’ என்பார், கிளார்க்கைக் ‘கிளாக்கர்’ என்பார். கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். படிப்பில்லாததால் வரும் பிழையா இது?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: பிழையே இல்லை, மகளே. நானும் ஹட்டன் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள். கொழுந்து நிறுத்து இஸ்டோருக்கு ஏற்றியாயிற்று என்று அம்மா சொல்லும்போதெல்லாம், ‘ஸ்டோர் என்று சொல்லுங்கள்’ என அதட்டுவேன். சில மாதங்களில் அவர் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். ‘கொழுந்து கீழே போய்விட்டது’ என்று மட்டும் சொல்வார். தமிழாசிரியையாகி இலக்கணம் கற்பித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: இஸ்-டோர். இரண்டு தட்டு. ஆங்கிலேயர் வாயில் அது ஒரே தட்டு. ஒவ்வொரு தட்டும் ஓர் அசை. (யாப்பில் வரும் அசை வேறு: ‘மலை’ அங்கே ஒரே நிரையசை, கைதட்டினால் இரண்டு.) அசையின் நடுவில் பெரும்பாலும் ஓர் உயிர் இருக்கும், அதன் இருபுறமும் எத்தனை மெய் நிற்கலாம் என்பதை அந்தந்த மொழிதான் தீர்மானிக்கிறது. தமிழில் தனிமெய் சொல்லைத் தொடங்காது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஹவாய் மொழி இன்னும் கண்டிப்பானது. அங்கே கிறிஸ்மஸ் ‘கலிகிமக’ ஆகிவிடுகிறது.

உங்கள் அம்மா ஓரிடத்தில் உயிரை முன்னால் வைக்கிறார், இன்னோரிடத்தில் நடுவில் வைக்கிறார். இதுதான் என்னை வியக்க வைப்பது. ‘க்ளா’வில் க் மூச்சை முழுதாக அடைக்கிறது, ள் பாதி திறக்கிறது, ஆ முழுதாகத் திறக்கிறது. ஓசை ஏறிக்கொண்டே போகிறது; நடுவில் சின்ன இகரம் நுழைந்தாலும் உறுத்துவதில்லை. ‘ஸ்டோ’வில் நேர்மாறு. ஸ் சீறிக்கொண்டிருக்கும்போதே ட் வந்து அடைத்துவிடுகிறது. அதனால் முன்னால் ஓர் இகரத்தைப் போட்டு, அந்த ஸ்-ஐ அந்த இகர அசையின் கடைசியில் உட்கார வைக்கிறார். இந்தியில் ‘இஸ்கூல்’ என்பவர்களும் இதையே செய்கிறார்கள். டச்சுக்காரர்களின் ‘ஸ்டூப்’ (வாசல் திண்ணை) சிங்களத்தில் ‘இஸ்தோப்புவ’ ஆனதும், லத்தீனின் ‘ஸ்கோலா’ ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆனதும் இப்படித்தான்.

தமிழ் அசை மெலிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘வாழ்ந்தான்’ என்பதில் ழ், ந், த் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. சொல்லின் முதலில்தான் கண்டிப்பு. ரகரமும் லகரமும்கூடத் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. நம் மலையகத்து ஊரான இராகலைக்கும் இலங்கைக்கும் முன்னால் நிற்கும் இகரம் அதற்காக வந்ததுதான். அம்மாவின் ‘இஸ்டோர்’ இகரமும் அதற்கு உறவுதான்.

அவரைத் திருத்த வேண்டாம். பிளேன்டீ, ஸ்டேஷன், பிரவுன் சீனி இவற்றையெல்லாம் அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு, சொன்னபடியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.