பட்டாசு ஆலைத் தொழிலாளியின் பாலிசியில் ‘கடை ஊழியர்’ என்று எழுதியிருந்தால்?

கேள்வி: என் கணவர் சிவகாசி அருகே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்க்கிறார். 20 மாதங்களுக்கு முன் அவர் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தோம். உண்மையான தொழிலைச் சொன்னால் பிரீமியம் கூடும் என்று, முகவரே படிவத்தில் ‘கடை ஊழியர்’ என எழுதிக் கையெழுத்து வாங்கினார். மூன்று வருடம் கடந்தால் நிறுவனம் எதையும் கேட்க முடியாது என்கிறார். அதுவரை பேசாமல் இருக்கலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இருக்க வேண்டாம். முகவர் சொன்ன விதி உண்மையே. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவு, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாலிசி வழங்கிய நாள், காப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசியைப் புதுப்பித்த நாள், ரைடர் (பாலிசியுடன் இணைக்கும் கூடுதல் காப்பு) சேர்த்த நாள் ஆகியவற்றுள் எது கடைசியோ அதிலிருந்து 3 ஆண்டுகள் கடந்தபின் எக்காரணம் கொண்டும் பாலிசியை நிறுவனம் மறுக்க முடியாது என்கிறது. ஆனால் எஞ்சிய 16 மாதங்களும் உங்கள் கணவர் அந்த அறைக்குத்தான் வேலைக்குப் போகப்போகிறார். இடையில் பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்க நேர்ந்தால் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதற்குள் அசம்பாவிதம் நேர்ந்து, நிறுவனம் மோசடி என்று சொன்னால், பாலிசிதாரர் உயிருடன் இல்லாத நிலையில் அது மோசடியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையைச் சட்டம் பயனாளியான உங்கள் மேல் வைக்கிறது. பாலிசியைப் பேசி முடித்துக்கொடுத்தவர் ஒப்பந்தம் உருவான அளவில் நிறுவனத்தின் முகவராகவே கருதப்படுவார் என்ற விளக்கமும் அதே பிரிவில் உண்டு. உண்மை அவருக்குத் தெரியும், ஆகவே நிறுவனத்துக்கும் தெரியும் என்று வாதிடலாம். ஆனால் படிவத்தில் இருப்பது உங்கள் கணவரின் கையெழுத்து, அன்றைக்கு முகவர் உங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்வார் என்று நான் நம்பமாட்டேன்.

மோசடி என்றில்லாமல், முக்கியத் தகவலை மறைத்ததாக மட்டும் நிறுவனம் சொன்னால் நிலைமை சற்று மேல். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். கூடுதல் பிரீமியத்துடன் கொடுத்திருப்போம் என்பது அதற்குப் போதாது என்பது என் வாதமாக இருக்கும். நிறுவனம் நிரூபித்துவிட்டால், கட்டிய பிரீமியம் மட்டுமே 90 நாட்களுக்குள் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு ஆபத்தும் எதை மிச்சப்படுத்த? அபாயகரமான தொழிலுக்கான கூடுதல் பிரீமியம் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையின் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் இத்தனை ரூபாய் என்று கணக்கிடப்படும். ஆயிரத்துக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். விபத்துக்கான ரைடரை மறுக்கவும் கூடும்.

ஆகவே உங்கள் கணவர், தாம் செய்யும் வேலை என்ன, எப்போதிலிருந்து, படிவத்தை நிரப்பியவர் யார் என்பதைக் கூறி, தொழிலைத் திருத்திக் கூடுதல் பிரீமியத்தை நிர்ணயிக்கக் கோரி, கிளை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பட்டும். முகவர் கையில் கொடுக்க வேண்டாம். நிறுவனம் பாலிசியை ரத்து செய்யவும் வாய்ப்புண்டு என்பதால், அதற்கு முன்பே வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் (18 முதல் 50 வயது வரை, ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பு 2 லட்சம்) சேர்ந்துவிடுங்கள். அதில் தொழிலுக்கென்று தனிக் கட்டணம் இல்லை.

நிறுவனத்தின் முடிவு நியாயமற்றது என்று தோன்றினால், மறுப்புக் கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.