வீடியோல இருந்து ஸ்டில் எடுத்து கல்யாண ஆல்பம் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தம்பிக்கு கல்யாணம் வச்சிருக்கோம். வீடியோ எடுக்கறவர் 4கே கேமராலதான் எடுக்கப்போறாரு, அதுல இருந்தே நல்ல நல்ல ஸ்டில்லா எடுத்து ஆல்பம் போட்டுக்கலாம், போட்டோவுக்குன்னு தனியா ஆள் எதுக்குன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. நான் சொல்றது சரியா, அவங்க சொல்றது சரியா?

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி, ஆனா அவங்க சொல்றதையும் ஒரேயடியா தள்ளிட முடியாது. முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். ஃபுல் எச்டி வீடியோல ஒரு ஃப்ரேம்னா, அதாவது ஓடற வீடியோல ஒரு தனிப் படம்னா, 1920 x 1080 புள்ளி, சுமார் 2 மெகாபிக்சல்தான் (20 லட்சம் புள்ளி). பிரிண்ட்டுக்கு இஞ்சுக்கு 300 புள்ளின்னு வச்சா 6.4 x 3.6 இஞ்சு வரும், அவ்வளவுதான். 4கேன்னா 3840 x 2160, 8 மெகாபிக்சலுக்கு கொஞ்சம் மேல, அதே கணக்குல 12.8 x 7.2 இஞ்சு. ஆல்பத்துல ஒரு பக்கத்துக்கு இது தாராளமா போதும், அதனால சைஸ் பத்தலைன்னு சொல்லி வீட்டுல வாதாடாதீங்க, அதுல தோத்துடுவீங்க. ஒண்ணு மட்டும், கல்யாண வீடியோ வழக்கமா படுக்கை வசத்துலதான் இருக்கும், பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் முழுசா நிக்கற மாதிரி ஒரு நெட்டுப் படம் வேணும்னு ரெண்டு பக்கமும் வெட்டினா 8 மெகாபிக்சல்ல 3தான் மிஞ்சும்.

உண்மையான பிரச்னை ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ள விடுதுங்கறது. இதைத்தான் யாரும் சொல்றதில்ல. வீடியோ செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல ஓடுதுன்னா வழக்கமா ஷட்டரை 1/50 செகண்டுல வைப்பாங்க, அப்பதான் அசைவு கண்ணுக்கு வழுவழுன்னு தெரியும். அந்த 1/50 செகண்டுக்குள்ள கை அசையுது, தலை திரும்புது, சிரிப்புல தோள் குலுங்குது, எல்லாமே அந்த ஃப்ரேம்ல இழுத்து விட்ட மாதிரி பதிஞ்சிருக்கும். வீடியோவா ஓடும்போது கண்ணுக்கே தெரியாது, நிறுத்திப் பாத்தா பொண்ணோட முகம் ஷார்ப்பா இருக்கும், கை மட்டும் அஞ்சு விரலும் ஒண்ணா கலங்கி வெறும் தோல் கலர்ல ஒரு திட்டா நிக்கும். போட்டோ எடுக்கறவர் ஆளுங்க அசையற இடத்துல 1/200, 1/250ன்னு வச்சு ஃபிளாஷும் போட்டு எடுக்கறாரே, அது இதுக்காகத்தான்.

சரி வீடியோலயும் 1/200 வச்சுட்டா என்னன்னு கேப்பீங்க. வைக்கலாம். ஆனா வெளிச்சம் நாலுல ஒரு பங்குதான் உள்ள வரும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற அளவை ஏத்தணும், ஏத்தினா நிழல் பக்கமெல்லாம் புள்ளி புள்ளியா பொரிபொரியா ஆயிடும், வீடியோவும் விட்டு விட்டு ஓடற மாதிரி வெட்டு வெட்டா தெரியும், போதாக்குறைக்கு மண்டபத்து லைட் சிலதுல படத்துக்கு குறுக்க கோடு கோடா விழும். ஒண்ணை சரிபண்ணப் போனா மூணு கெடும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது ஃபைல் சைஸை சின்னதாக்க வீடியோவை சுருக்கறது. 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு 100 மெகாபிட்) பதிவாகுதுன்னா, 8 பிட் ஒரு பைட்டுங்கற கணக்குல ஒரு செகண்டுக்கு 12.5 எம்பி, அதை 25 ஃப்ரேமுக்கு பங்கு போட்டா ஒண்ணுக்கு அரை எம்பிதான். நல்ல ஸ்டில் கேமரால எடுத்த ஒரு ரா ஃபைல் (கேமரா பதிஞ்சதை அப்படியே வைக்கற ஃபைல்) மட்டுமே 20, 30 எம்பி இருக்கும். அதுலயும் வீடியோல எல்லா ஃப்ரேமும் முழுசா சேவ் ஆகறதில்ல, நடுநடுவுல ஒண்ணுதான் முழு ஃப்ரேம், மத்ததெல்லாம் பக்கத்து ஃப்ரேமை வச்சு எது மாறிச்சோ அதை மட்டும் குறிச்சு வச்சுக்கற மாதிரிதான். நிறம் சம்பந்தப்பட்ட தகவலையும் பாதிக்கு மேல குறைச்சுடுவாங்க, அதனாலதான் பெருசாக்கிப் பாத்தா பளிச்சுனு இருக்கற சிவப்புத் துணியோட ஓரத்துல நிறம் கசிஞ்ச மாதிரி தெரியுது. வெளிச்சம் அதிகமாகி வெள்ளையா போன நெத்தியையும் அப்புறமா மீட்க முடியாது, ராவுல ஓரளவுக்காவது மீட்க வாய்ப்பு இருக்கு.

இவ்வளவும் சொன்னாலும் இது ஆகவே ஆகாதுன்னு சொல்லமாட்டேன். 2009 ஜூன் மாசம் அமெரிக்காவுல எஸ்குவயர் பத்திரிகையோட அட்டைப்படமே ரெட் ஒன்னுங்கற வீடியோ கேமரால எடுத்த ஒரு ஃப்ரேம்தான். 2014ல பானசோனிக் தன்னோட கேமராக்கள்ல 4கே போட்டோன்னே தனியா ஒரு மோடு குடுத்துச்சு, செகண்டுக்கு 30 ஃப்ரேம் ஓடும், பிடிச்சதை 8 மெகாபிக்சல் படமா எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு கவனிங்க, இது ரெண்டுமே ஸ்டில்லுக்குன்னே முன்கூட்டி முடிவு பண்ணி அதுக்கேத்த மாதிரி ஷூட் பண்றது. உங்க வீடியோக்காரர் வீடியோவுக்காக எடுப்பாரு, கேமராவை நகர்த்திக்கிட்டே இருப்பாரு, அந்த நகர்வுல சுத்தி இருக்கறதெல்லாம் கலங்கும்.

அதனால என் முடிவு: போட்டோவுக்கு ஆள் வைங்க. செலவை குறைக்கணும்னா அவர் நேரத்தை குறைங்க, முக்கியமான சடங்குக்கும் குடும்ப குரூப் படத்துக்கும் மட்டும் வரச் சொல்லுங்க, மத்த நேரத்துக்கு வீடியோ ஸ்டில் கை குடுக்கும். குரூப் படத்தை மட்டும் வீடியோவை நம்பி விடவே விடாதீங்க, நாப்பது பேர் நிக்கற இடத்துல ஒவ்வொருத்தர் முகத்துக்கும் கிடைக்கற பிக்சல் ரொம்ப கம்மி.

கேள்வி: எங்க கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல பாட்டி தவறிட்டாங்க. போட்டோ எதுலயும் அவங்க சரியா இல்ல, வீடியோல மட்டும் ஒரு இடத்துல உக்காந்து எங்களைப் பாத்து சிரிக்கறாங்க. அதை எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்ட முடியுமா?

பதில்: கண்டிப்பா முடியும், வீடியோ ஸ்டில்லோட அருமையே இந்த மாதிரி இடத்துலதான் தெரியுது. பாட்டி உக்காந்திருக்காங்க, அதிகம் அசையல, அது உங்களுக்கு பெரிய வரம்.

முதல் வேலையா வீடியோ எடுத்தவருக்கு போன் போட்டு எடிட் பண்ணாத ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்க, இன்னைக்கே கேளுங்க, ஏன்னா இடம் பத்தலைன்னு அழிச்சுட்டா திரும்ப வராது. உங்க கையில இருக்கறது டிவிடின்னா அதுல ஒரு ஃப்ரேம் 720 x 576தான், அரை மெகாபிக்சல் கூட இல்ல. வாட்ஸ்அப்ல வந்த காப்பியை தொடவே தொடாதீங்க.

ஒரிஜினல் கிடைச்சதும் கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கற வீடியோ பிளேயர்ல போட்டு அந்த இடத்துல நிறுத்தி இங்கிலீஷ் 'E' கீயை தட்டிக்கிட்டே போனா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், பின்னாடி போகாது, அதனால கொஞ்சம் முன்னாடி இருந்தே ஆரம்பிங்க. கண்ணு முழுசா திறந்து சிரிப்பும் சேர்ந்து வர ஃப்ரேம் சில நேரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அவசரப்படாதீங்க. கிடைச்சதும் ஷிஃப்ட் கீயோட 'S' கீயை அழுத்துனா படமா சேவ் ஆகும், ஜேபெக் வேண்டாம், அது படத்தை இன்னும் சுருக்கிடும், பிஎன்ஜியா வைங்க. சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா தெரிஞ்சா அது இன்டர்லேஸ் வீடியோ, ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒண்ணு விட்டு ஒண்ணு வரியா ரெண்டு பாதியா பதியறது, விஎல்சில டீஇன்டர்லேஸ்ங்கற ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு மறுபடி எடுங்க.

அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற நாலஞ்சு ஃப்ரேமையும் சேத்து எடுத்து எடிட்டிங் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சராசரி எடுக்கச் சொல்லுங்க. புள்ளி புள்ளியா தெரியற பொரி ஒவ்வொரு ஃப்ரேம்லயும் வேற வேற இடத்துல விழறதால சராசரில கரைஞ்சுடும், முகம் அதே இடத்துல இருக்கறதால தெளிவா நிக்கும். ஃபுல் எச்டி ஃபைலா இருந்தா இஞ்சுக்கு 200 புள்ளின்னு வச்சு 9 x 5 இஞ்சு வரைக்கும் போகலாம், சுவத்துல மாட்டி கொஞ்சம் தள்ளி நின்னு பாக்க அது நல்லாவே இருக்கும்.

கேள்வி: ஏஐ ஆப்ல போட்டா சின்ன ஸ்டில் கூட பெருசா ஷார்ப்பா வருதே, அப்புறம் என்ன கவலை?

பதில்: பூ, துணி, பின்னாடி தெரியற அலங்காரம் இதுக்கெல்லாம் தாராளமா போடுங்க. முகத்துல மட்டும் ஜாக்கிரதை. இல்லாத விவரத்தை அது தானா யோசிச்சு வரையுது, பல்லோட வரிசை மாறும், கண்ணோரத்து சுருக்கம் காணாமப் போகும், மச்சம் கூட அழிஞ்சுடும். மேல கேட்ட வாசகிக்கும் இதையே சொல்றேன், பாட்டி முகத்தை அதுல போட்டீங்கன்னா அவங்களை நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரிஜினலையும் பக்கத்துல வச்சுக் காட்டி, அவங்க சரின்னு சொன்ன பிறகு பிரிண்ட் போடுங்க.