6 நாள் வேலை, 12 நாள் வேலை: இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?

கேள்வி: ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க ராஜாவுக்கு 6 நாள், கண்ணனுக்கு 12 நாள் ஆகும். சேர்ந்து அடித்தால் எத்தனை நாள்? என் மகள் 9 என்று எழுதுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

6-ஐயும் 12-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறாள். நிறைய பிள்ளைகள் செய்வதுதான், திட்டாதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: "ராஜா தனியாகவே 6 நாளில் முடிக்கிறாரே, கூட ஓர் ஆள் வந்தால் நாள் கூடுமா, குறையுமா?" விடை 6-க்குள்தான் இருக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிடுவாள்.

அப்புறம் நோட்டில் ஒரு நீளமான சுவரை வரைந்து 12 கட்டங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏன் 12? 6, 12 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் அது. பாடப் புத்தகத்தில் வரும் மீச்சிறு பொது மடங்கு. ராஜா 6 நாளில் 12 கட்டம், அதாவது நாளுக்கு 2. கண்ணன் நாளுக்கு 1. இருவரும் சேர்ந்து 3. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 நாள். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம் பென்சிலால் தீட்டவிடுங்கள். நான்காம் நாள் சுவர் நிறைந்துவிடும்.

தேர்வில் 1/6 + 1/12 = 3/12 = 1/4 என்று எழுதி, தலைகீழாக்கி 4 என்பார்கள். இதே கணக்குதான். ஆனால் கட்டத்தைப் பார்க்காமல் நேரே பின்னத்துக்குப் போனால் ஏன் தலைகீழாக்குகிறோம் என்பதே பிடிபடாது.

சரி, 2 நாளுக்குப் பிறகு ராஜா நின்றுவிட்டால்? 6 கட்டம் முடிந்திருக்கும். மீதி 6 கட்டத்துக்குக் கண்ணனுக்கு இன்னும் 6 நாள்.