குறைந்த செலவில் ஓவர்கிளாக்கிங்: செயலியைத் தேர்ந்தெடுப்பது குறித்த கேள்வி பதில்

கேள்வி: கையில் உள்ள தொகை குறைவு. ஓவர்கிளாக் செய்வதற்கென்றே, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கென்றே, ஒரு செயலி வாங்க விரும்புகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செயலியின் விலையை மட்டும் பார்க்காமல், செயலி, மதர்போர்டு, கூலர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். இன்டெல்லில் பெருக்கியை (அடிப்படைக் கடிகார வேகத்தைப் பெருக்கிச் செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) உயர்த்த வேண்டுமானால், பெயரில் ‘கே’ என்ற எழுத்து உள்ள செயலியும் வேண்டும், இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். கே செயலிகளின் பெட்டியில் பெரும்பாலும் கூலரும் இராது. ஏஎம்டியின் ரைசன் மேசைக்கணினிச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெருக்கிப் பூட்டு கிடையாது. பி350 தொடங்கி பி650 வரை பி வரிசை மதர்போர்டுகளே அதற்குப் போதும்.

இந்தக் கணக்கைப் போடாதவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதற்கு 2017-இல் வந்த கோர் ஐ3-7350கே நல்ல உதாரணம். இரண்டு கோர் (கணிப்பு அலகு), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணி இழை), 4.2 கிகாஹெர்ட்ஸ், திறந்த பெருக்கி என்று கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் விலை நான்கு கோர் கொண்ட ஐ5-இன் விலையை நெருங்கியது. இசட் மதர்போர்டும் தனிக் கூலரும் சேர்ந்தபோது அதைத் தாண்டியது. அதே ஆண்டின் இறுதிக்குள் ஐ3 வரிசையே நான்கு கோருக்கு மாறிவிட்டது. அதற்கு முன் 2014-இல் வந்த பென்டியம் ஜி3258-உம் அப்படித்தான்: 3.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து தாராளமாக மேலே ஏறியது. ஆனாலும் அதில் இருந்தவை இரண்டு திரெட்கள் மட்டுமே என்பதால் சில விளையாட்டுகள் தொடங்கவே மறுத்தன. எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் இரண்டு கோர் நான்காகாது. ஆகவே, ஓவர்கிளாக்கிங்குக்காகச் செலவிடும் கூடுதல் தொகையில் அடுத்த படியிலுள்ள செயலி கிடைக்குமானால், அதையே வாங்குங்கள்.

கேள்வி: கோர் ஐ5-12400எஃப், பி660 மதர்போர்டு. பெருக்கியை உயர்த்த முடியுமா?

பதில்: முடியாது. நினைவகத்தின் வேகத்தை உயர்த்தலாம். அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: ஏ520 மதர்போர்டில் ரைசன் 5 5600-ஐ ஓவர்கிளாக் செய்யலாமா?

பதில்: ஏ320, ஏ520, ஏ620 மூன்றிலும் செயலியின் பெருக்கியை ஏற்ற வழியில்லை. பி550 பாருங்கள். அதிலும் செயலிக்கு மின்சாரம் தரும் மின்சீராக்கிப் பகுதியின் மேல் உலோக வெப்பத்தகடு இல்லாத மலிவு மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 5600 வாங்குவதா, 5600எக்ஸ் வாங்குவதா?

பதில்: ஓவர்கிளாக் செய்யப்போகிறவருக்கு 5600. இரண்டும் ஆறு கோர், இரண்டுக்கும் 32 மெகாபைட் எல்3 கேஷ் (செயலிக்குள் உள்ள வேக நினைவகம்), இரண்டும் பூட்டில்லாதவை. உச்ச பூஸ்ட் வேகத்தில், அதாவது செயலி தானே ஏறும் உச்ச வேகத்தில், 200 மெகாஹெர்ட்ஸ்தான் வேறுபாடு.

கேள்வி: நீங்கள் எல்லோரையும் தயங்க வைக்கிறீர்கள். இன்டெல்லின் செலரான் 300ஏ-வை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிய காலத்தை மறந்துவிட்டீர்களா? என் 5600-இன் எல்லாக் கோர்களையும் 1.35 வோல்ட்டில் 4.6 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எந்தக் குறையும் இல்லை.

பதில்: மறக்கவில்லை, அந்தச் செயலியை இன்றும் மதிக்கிறேன். 1998-இல் வந்த 300ஏ-வின் பெருக்கி 4.5-இல் பூட்டப்பட்டிருந்தது. பஸ் வேகத்தை (பெருக்கியால் பெருக்கப்படும் அடிப்படை வேகத்தை) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 300 என்பது 450 ஆனது; சில்லுக்குள்ளேயே இருந்த 128 கிலோபைட் எல்2 கேஷும் அதே வேகத்தில் ஓடியது. அது 50 சதவீத உயர்வு. அந்த இடைவெளியைத் தயாரிப்பாளர் பயன்படுத்தாமல் விட்டிருந்ததால் வாங்கியவருக்கு அது கிடைத்தது. இன்றைய செயலியோ வெப்பம், மின்னோட்டம், சுமை ஆகியவற்றைக் கணத்துக்குக் கணம் பார்த்துத் தானே பூஸ்ட் ஆகிறது. அந்த இடைவெளியின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே பயன்படுத்திவிட்ட நிலையில்தான் அது உங்கள் கைக்கு வருகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். இயங்கும்போது செலவாகும் மின்சக்தி, வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்கிறது. 4.4 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட்டில் ஓடுகிறது என்று கொண்டால், 1.35 வோல்ட்டில் 4.6-க்குப் போகும்போது வேகம் 5 சதவீதம்கூட ஏறுவதில்லை, மின்சக்தியோ சுமார் 32 சதவீதம் ஏறுகிறது. பெட்டியோடு வரும் சிறிய கூலருக்கு அது பெரிய சுமை.

கேள்வி (அதே நண்பர்): ஆனால் வீடியோ ரெண்டரிங்கில் எனக்கு நேரம் குறைந்திருக்கிறதே?

பதில்: குறையும், ஏற்கிறேன். எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும்போது தானியங்கிப் பூஸ்ட், மின்சக்தி வரம்பில் முட்டி வேகத்தைக் குறைக்கிறது. நிலையான வேகம் அங்கே வெல்கிறது. உங்கள் அன்றாடப் பணி அதுதான் என்றால் உங்கள் முடிவு சரியானது, நல்ல கூலர் இருக்கும் வரையில். ஆனால் இங்கே கேட்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்காகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு பிபிஓ எனப்படும், தானியங்கிப் பூஸ்ட்டின் மின்சக்தி வரம்பை உயர்த்தும் அமைப்பையும், கர்வ் ஆப்டிமைசர் மூலம் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதையும் பரிந்துரைக்கிறேன். வெப்பம் குறையக் குறையச் செயலி தானே கூடுதல் வேகத்தில் நிலைக்கிறது.

கேள்வி: கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 கொடுத்தேன். திரையில் வேகம் கூடியிருக்கிறது; சோதனை மதிப்பெண் இறங்கியிருக்கிறது. இது எப்படி?

பதில்: இன்றைய கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது. மின்னழுத்தம் போதாதபோது ரைசன் உடனே நின்றுவிடாமல், கடிகாரத் துடிப்புகளை நீட்டித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. திரையில் தெரிவது கேட்கப்பட்ட வேகம். நடந்த வேகம் அதைவிடக் குறைவு. கண்காணிப்பு மென்பொருளில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ என்ற வரியைப் பாருங்கள். முழுச் சுமையில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் மைனஸ் 15-க்குத் திரும்பி, ஒவ்வொரு கோராக மைனஸ் 30-ஐ நோக்கி இறக்குங்கள். செயலியின் சிறந்த கோர்கள் ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுபவை என்பதால், பெரும்பாலும் அவைதான் முதலில் தடுமாறும்.

கேள்வி: மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விட்டுப் பெருக்கியை மட்டும் ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். தேவைக்கு மேல் கொடுப்பதே பல மதர்போர்டுகளின் வழக்கம்.

கேள்வி: 1.4 வோல்ட் பாதுகாப்பானதா?

பதில்: 1.35-க்கே 32 சதவீதம் என்று மேலே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். தயவுசெய்து அதைப் படியுங்கள்.

கேள்வி: 5600-க்கு 1.4 வோல்ட்டும் 4.7-உம் ‘ஆட்டோ’வில் வருமா?

பதில்: முந்தைய இரண்டு பதில்களும் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: மடிக்கணினிச் செயலியை ஓவர்கிளாக் செய்வது எப்படி? 550 வாட் பவர் சப்ளை எந்த கிராபிக்ஸ் கார்டுக்குப் போதும்?

பதில்: இரண்டுமே இந்தத் தலைப்புக்கு வெளியே உள்ளவை. இரண்டாவதை கிராபிக்ஸ் கார்டு அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய ஐ5-13600கே ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சில்லு நிரந்தரமாகப் பழுதாகும் சிக்கலை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (செயலியின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது; உத்தரவாதத்தையும் நீட்டித்தது. திருத்தம் மேற்கொண்டு சேதமாவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே பழுதானதை மீட்காது. முன்பு எப்படி ஓடியது என்று தெரியாத ஒரு சில்லை ஓவர்கிளாக் செய்வதற்காக வாங்க நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: எல்லாம் அமைத்தபின், நிலையாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் மெம்டெஸ்ட்86 கொண்டு நினைவகத்தைத் தனியாகச் சோதியுங்கள், நினைவகப் பிழையைச் செயலியின் பிழை என்று எண்ணி மின்னழுத்தத்தை ஏற்றுபவர்கள் அதிகம். பிறகு செயலிக்கு முழுச் சுமை தரும் பிரைம்95 அல்லது ஓசிசிடி-யை ஓட்டி வெப்பநிலையைக் கவனியுங்கள். கணினி நிற்கவில்லை என்பது மட்டும் போதாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘வீயா’ எனப்படும் வன்பொருள் பிழைகள் உள்ளனவா என்றும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்குங்கள். கர்வ் ஆப்டிமைசர் பயன்படுத்தியவர்கள் கணினியை ஓர் இரவு சும்மாவும் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த அமைப்பு தவறினால், முழுச் சுமையைவிட லேசான சுமையில்தான் பெரும்பாலும் தவறுகிறது.