வீட்டுப் போக்கரில் "படுகி ஆடலாம்" என்கிறார் நண்பர். அது எப்படி ஆடுவது?

தாராளமாக ஆடுங்கள். வழக்கமான போக்கரில் தேடும் ஜோடி, ஒரே வகைச் சீட்டு எல்லாம் இங்கே சுமை. ஆளுக்கு நான்கு சீட்டு. நான்கும் வெவ்வேறு வகையாகவும் வெவ்வேறு எண்ணாகவும் இருந்தால் அதுதான் படுகி. சிறிய எண்ணுக்கே வெற்றி. ஏஸ்தான் மிகச் சிறியது. மூன்று முறை சீட்டு மாற்றலாம். முதல் பந்தயம் மாற்றுவதற்கு முன், அப்புறம் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒன்று.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: ஸ்பேட் 2, ஆர்ட்டின் 5, கிளாவர் 7, ஸ்பேட் 9 உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். ஸ்பேடில் இரண்டு சீட்டு வந்ததால் பெரியதான 9 கணக்கில் வராது. கையில் இருப்பது மூன்று சீட்டுதான். எதிரில் ராஜா வரை போகும் மோசமான படுகி இருந்தால்கூட அதுவே ஜெயிக்கும். இரண்டு பேரிடமும் படுகி இருந்தால் பெரிய சீட்டை முதலில் ஒப்பிடுங்கள்: 8-4-3-ஏஸை 7-6-5-4 வெல்லும்.

முதல் நான்கிலேயே படுகி விழுவது சுமார் 6.3 சதவீதம்தான். அதனால் யார் எத்தனை சீட்டு மாற்றுகிறார் என்று கவனியுங்கள், எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான். "மாற்றவில்லை" என்பவரிடம் நிஜமாகவே படுகி இருக்கலாம், வெறும் மிரட்டலாகவும் இருக்கலாம்.

ஆறு பேருக்கு மேல் வேண்டாம், கட்டு தீர்ந்துவிடும். முதல் நாலைந்து ஆட்டம் காசில்லாமல் ஆடிப் பாருங்கள்.