பெசல் சார்புகளுக்குப் பெயர் தந்த பெசல் யார்? கணிதம் தவிர வேறு என்ன செய்தார்?

பொறியியல் கணிதத்தில் அந்தச் சார்பைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஃப்ரெட்ரிக் வில்ஹெல்ம் பெசல் செய்த வேலையில் அது ஒரு மூலை மட்டும்தான். நான் அளவுக் கருவிகளைக் காலிபரேஷன் செய்யும் (சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துத் திருத்தும்) ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு அவர் முக்கியமானவர் ஆனதற்குக் காரணம் வேறு. ஓர் அளவீட்டில் பிழை எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று விடாமல் தேடிய மனிதர் அவர். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் அந்தத் தேடலில்தான் கிடைத்தன.

1784இல் ஜெர்மனியின் மிண்டன் நகரில் பிறந்தார். அப்பா சிறிய அரசு உத்தியோகத்தில் இருந்தார், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லத்தீன் பாடம் ஏறவே இல்லை. 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ப்ரெமன் துறைமுக நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு வேலை பழகச் சேர்ந்தார். சரக்கோடு கப்பலேறி வெளிநாடு போக வேண்டும் என்று ஆசை, அதனால் இரவுகளில் கப்பல் செலுத்தும் கலையைப் படித்தார். கடலில் நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டுமென்றால் நட்சத்திரங்களைப் பார்க்கத் தெரிய வேண்டும், அதற்கு வானியல் வேண்டும், வானியலுக்குக் கணிதம் வேண்டும். படிப்பு இப்படியே அவரை இழுத்துக்கொண்டு போனது. 1607இல் தாமஸ் ஹாரியட் குறித்து வைத்திருந்த பழைய அளவீடுகளிலிருந்து ஹாலி வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட்டு, 1804இல் ப்ரெமனிலேயே இருந்த மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸிடம் காட்டினார். ஓல்பர்ஸ் அசந்துபோனார். வானியலுக்குத் தான் செய்த பெரிய தொண்டு பெசலைக் கண்டெடுத்ததுதான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

1806இல் லிலியந்தால் வானாய்வகத்தில் உதவியாளர் வேலை. அப்புறம் பிரஷ்ய அரசர் கோனிக்ஸ்பெர்கில் கட்டவிருந்த புதிய வானாய்வகத்துக்கு இயக்குநராக அழைத்தார். அப்போது வயது 25. பேராசிரியர் ஆக டாக்டர் பட்டம் வேண்டுமே? கணித மேதை காஸ் சிபாரிசு செய்ய, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. சாகும்வரை அவர் கோனிக்ஸ்பெர்கை விட்டுப் போகவில்லை. இன்று அது கலினின்கிராட் என்ற ரஷ்ய நகரம்.

எந்தக் கருவியும் இரண்டு முறை செய்யப்படுகிறது என்பார் பெசல்: ஒருமுறை பட்டறையில் பித்தளையிலும் எஃகிலும், இன்னொரு முறை வானியலாளரின் காகிதத்தில், அதன் பிழைகளையெல்லாம் கண்டறிந்து திருத்தும்போது. எங்கள் தொழில் முழுக்க அந்த இரண்டாவது வேலைதான். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் வானியலாளர் பிராட்லி 1750 முதல் 1762 வரை எடுத்த அளவீடுகள் பல ஆண்டுகள் சும்மா கிடந்தன. பெசல் அவற்றை எடுத்து, கருவியின் பிழை, காற்றில் ஒளி வளைவது, பூமியின் அச்சு அசைவது என ஒவ்வொன்றாகக் கழித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் துல்லியமான இடங்களை 1818இல் வெளியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். 1796இல் கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கெலின் தன் உதவியாளர் கின்னிப்ரூக்கை வேலையை விட்டு அனுப்பினார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் டிக் ஒலியைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் கணிக்க வேண்டும். அதில் கின்னிப்ரூக் முக்கால் நொடிக்கு மேல் தாமதமாகக் குறித்தார். எல்லோரும் அதைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொண்டார்கள். பெசல் அப்படி நினைக்கவில்லை. தன்னையும் இன்னொரு வானியலாளரையும் ஒரே நட்சத்திரங்களைப் பார்க்கவைத்து ஒப்பிட்டார். ஒரு நொடிக்கும் மேல் வித்தியாசம் வந்தது! இரண்டு பேரும் கவனமானவர்கள், தேர்ந்தவர்கள். பார்க்கிற மனிதனும் ஒரு கருவி, அவனுக்கும் தனிப் பிழை உண்டு என்று அப்போதுதான் எண்களோடு தெரிந்தது. வேலை போன அந்த உதவியாளரை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சரி, அவருக்குப் பெரும் புகழ் தந்த வேலைக்கு வருகிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், ஆறு மாத இடைவெளியில் பக்கத்து நட்சத்திரம் தூரத்து நட்சத்திரங்களுக்கு எதிரே சற்று நகர்ந்து தெரிய வேண்டும். கோபர்நிகஸ் காலத்திலிருந்து தேடியும் யாருக்கும் அது உறுதியாகக் கிடைக்கவில்லை. பிரகாசமானதுதான் அருகில் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். பெசல் தேர்ந்தெடுத்த 61 சிக்னி மங்கலான இரட்டை நட்சத்திரம். ஆனால் தன் போக்கிலேயே ஆண்டுக்கு ஐந்து ஆர்க் செகண்டுக்கு மேல் வானில் இடம் மாறுகிறது (ஒரு டிகிரியை 3600ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்), ஆகவே அருகில்தான் இருக்க வேண்டும். ஃப்ரவுன்ஹோஃபர் பட்டறையில் லென்ஸை இரண்டாக வெட்டிச் செய்த ஹீலியோமீட்டரில் (நுண்ணிய கோணங்களை அளக்கும் தொலைநோக்கி) ஓராண்டுக்கு மேல் அதை அளந்து, 1838இல் விடையை அறிவித்தார். அந்த ஆறு மாத நகர்வில் பாதி, அதாவது இடமாறு தோற்றம் (parallax), 0.314 ஆர்க் செகண்ட். நம் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அந்த அளவுக்குத்தான் தெரியும். தூரம் பத்து ஒளியாண்டுக்குச் சற்று மேல் என்று வந்தது. இன்றைய மதிப்பு 11.4. ஸ்ட்ரூவேயும் ஹெண்டர்சனும் அதே காலத்தில் வேறு நட்சத்திரங்களை அளந்தவர்கள்தான். ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லாமல் முதலில் காட்டியவர் பெசல் என்பதே என் கருத்து.

பெசல் சார்புகளைப் பற்றிச் சுருக்கமாக: சில வடிவங்கள் கணித அறிஞர்கள் பெர்னூலி, ஆய்லர் காலத்திலேயே உண்டு. கிரகங்களின் பாதையை ஆராய்ந்தபோது 1824இல் அவற்றை முறையாக வளர்த்தவர் பெசல். 1841இல் பூமியின் வடிவத்துக்கும் ஒரு கணக்குத் தந்தார். அதற்குப் பயன்பட்ட அளவீடுகளில், நில அளவையாளர் லாம்ப்டன் சென்னைப் பக்கம் தொடங்கிய இந்திய நில அளவீடுகளும் இருந்தன.

கடைசியாக, இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அதன் நகர்வைப் பல ஆண்டுத் தரவுகளில் ஒப்பிட்டபோது, எல்லாப் பிழைகளையும் கழித்த பிறகும் ஒரு தள்ளாட்டம் மிஞ்சியது. புரோசியான் என்ற நட்சத்திரத்திலும் அதே கதை. கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரங்கள் அவற்றை இழுக்கின்றன என்று 1844இல் எழுதினார். 1846 மார்ச்சில் இறந்துபோனார். 1862இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிய தொலைநோக்கி லென்ஸ் ஒன்றைச் சோதிக்க சிரியஸ் பக்கம் திருப்பியபோது, அந்தத் துணை அங்கே இருந்தது. புரோசியானின் துணை 1896இல் கிடைத்தது. இரண்டுமே வெண்குறுமீன்கள், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரங்கள்.