மணல்மேட்டில் மூச்சு வாங்கும் பக்கி
(வாசகர் கேள்வி - பட்டறை பதில்)

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவருக்காக மணலில் ஓட்ட, இரண்டு பேர் உட்காரும் பக்கி (buggy) வண்டி ஒன்றைக் குழாய்ச் சட்டத்தில் கட்டியிருக்கிறோம். பின் அச்சுக்குப் பின்னால் சுபாரு ஈஜே20 டர்போ இன்ஜின், பூஸ்ட் 0.8 பார். சுபாருவோடு வந்த இன்டர்கூலரையே இன்ஜின் தலைமேல் வைத்திருக்கிறோம். மணல்மேட்டில் முதல் இரண்டு ஏற்றம் பிரமாதமாகப் போகிறது. மூன்றாவதில் இழுவை செத்துவிடுகிறது. அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிறது. பெரிய இன்டர்கூலர் போடலாம் என்றால் சட்டத்துக்குள் கையை நுழைக்கவே இடமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அரைமணி நிறுத்தினால் சரியாகிறது என்று ஒரு வரி எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. டர்போ பழுதென்றால் நிறுத்தி வைத்ததும் குணமாகாது. டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அமுக்கினால் காற்று சூடாகும், அதை ஆற்றுவது இன்டர்கூலர். உங்களுடையது சூட்டைக் குடித்து நிரம்பிவிடுகிறது. உள்ளே போகும் காற்று கொதிக்க ஆரம்பித்ததும் இன்ஜின் தட்டத் தொடங்கும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து ‘டக் டக்’ என்று அடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டுச் சொல்ல, இன்ஜின் கம்ப்யூட்டர் பிஸ்டனைக் காப்பாற்ற இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இழுவை சாவது அதனால்தான். கம்ப்யூட்டர் செய்வது சரியான வேலை, அதை ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

அந்த இன்டர்கூலர் காரில் எப்படி வேலை செய்தது என்று யோசியுங்கள். பானட்டில் ஒரு வாய் வைத்து, எதிர்க்காற்றை மேலிருந்து கீழே அதன் வழியாகத் தள்ளினார்கள். உங்கள் வண்டியிலோ இன்ஜின் திரும்பி நிற்கிறது. காரில் பின்பக்கம் இருந்த ஃப்ளைவீல் பக்கம் இப்போது ஓட்டுநரின் முதுகைப் பார்க்கிறது. இன்டர்கூலரும் கூடவே சீட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. முன்னால் இரண்டு பேர் முதுகு, கீழே சுடும் இன்ஜின், பக்கத்தில் டர்போ. காற்று எங்கிருந்து வரும்?

இன்னொன்று. ஷார்ஜாவில் பதாயர் பக்கம் ‘பிக் ரெட்’ என்கிற செம்மணல் மேட்டில் பக்கிகள் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மணலில் இன்ஜின் முழு மூச்சோடு கத்தும்போது வண்டி 30, 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் காற்றும் கூடும், குளிர்ச்சியும் கூடும். மணலில் அப்படியில்லை. சூடு உச்சத்தில் இருக்கும்போதுதான் எதிர்க்காற்று மிகக் குறைவு. அதனால் இன்னும் பெரிய வாய், இன்னும் பெரிய இன்டர்கூலர் என்று போகிற வழி உங்களுக்கு ஒத்துவராது.

கூலரைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான பக்கிகளில் டர்போ வாயிலேயே ஒரு கோன் ஃபில்டரை மாட்டி விட்டுவிடுகிறார்கள், இடம் மிச்சம் என்று. அது ரேடியேட்டர் ஊதும் வெந்த காற்றையே உறிஞ்சும். கணக்கைப் பாருங்கள்: 0.8 பார் பூஸ்டில், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அமுக்கும் பக்கம்), 40 டிகிரிக் காற்றை ஏறக்குறைய 122 டிகிரியாக்கி வெளியே தள்ளும். அதே டர்போ 60 டிகிரிக் காற்றை உறிஞ்சினால் வெளியே வருவது 147. உள்ளே 20 டிகிரி ஏறினால் வெளியே 25 ஏறுகிறது. ஃபில்டரை ஒரு குழாய் போட்டு ஓட்டுநர் தலைக்குப் பின்னால், ரோல் கேஜின் மேல் மட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அந்த 25 டிகிரி உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. அங்கே மணலும் குறைவு. நனைத்துப் போடும் ஃபோம் உறையை மேலே மாட்டுங்கள். பாலைவனத்து மணல் மாவு போன்றது. கம்ப்ரசர் இறக்கையின் நுனியைத் தின்றுவிடும்.

கூடவே டர்போவுக்கு ஒரு போர்வை, எக்ஸாஸ்ட் குழாய்க்கு வெப்பத் துணி, இரண்டுக்கும் இன்டேக் பக்கத்துக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டி வைத்தால் பயனில்லை.

இனி கூலருக்கு வருவோம். உங்கள் வண்டிக்கு நான் சொல்வது தண்ணீர் இன்டர்கூலர். சுடுகாற்றைத் தண்ணீர் குளிர்விக்கும். அந்தத் தண்ணீரைப் பம்ப் மூலம் வண்டியின் வேறொரு மூலைக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு சின்ன ரேடியேட்டரில் ஆற வைப்பது. இடம் இல்லாத இடத்தில் இதைத்தான் காலங்காலமாகச் செய்திருக்கிறார்கள். 1942-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர் விமானத்தின் மெர்லின் 61 இன்ஜினிலும் காற்றைக் குளிர்வித்தது திரவம்தான். ஒடுங்கிய மூக்குக்குள் இடம் ஏது, ரேடியேட்டரை இறக்கைக்கு அடியில் வைத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், சுபாருவே 1989-இல் முதல் லெகசி ஆர்எஸ் காரில் ஈஜே20 டர்போவின் தலைமேல் தண்ணீர் இன்டர்கூலரைத்தான் வைத்தது. டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் எஸ்டி205-இலும் அதுதான். நீங்கள் இருக்கும் ஊரில் பழைய உதிரிபாகச் சந்தை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு நாள் அலைந்து பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று கண்ணில் படலாம்.

தண்ணீர் ஏன் மணலுக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் மற்ற அளவுகளை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 200 குதிரைத்திறன் எடுக்கும் இன்ஜின் வினாடிக்குச் சுமார் 150 கிராம் காற்றை விழுங்கும். அதை 122-லிருந்து 60 டிகிரிக்கு இறக்க, ஏறக்குறைய 9.4 கிலோவாட் சூட்டைப் பிடுங்க வேண்டும். பெரிய சுமைதான். ஆனால் ஒரு மேடு ஏற எவ்வளவு நேரம்? 15 வினாடி என்று வையுங்கள். சுற்றில் 8 லிட்டர் தண்ணீர் இருந்தால், அந்த 15 வினாடிச் சூடு முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டாலும் தண்ணீர் 4 டிகிரிதான் ஏறும். மேட்டின் உச்சியில் நீங்கள் காலை எடுத்து, இறங்கி, நண்பர்கள் வரும்வரை நிற்கும் நேரத்தில் அந்த 4 டிகிரி ஆறிவிடும். நிமிடத்துக்கு 15 வினாடி முழு மூச்சு என்றால் சராசரிச் சுமை இரண்டரைக் கிலோவாட்டுக்கும் கீழே. ஆக, முன்னால் வைக்கும் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. 600 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கின் ரேடியேட்டர் அளவு, அதன் பின்னால் காற்றை இழுக்கும் ஒரு ஃபேன், போதும்.

அதை எங்கே வைப்பது? வண்டியின் மூக்கில், முன் ஷாக் அப்சார்பர் மவுண்டுகளுக்கு நடுவே. முன் சக்கரம் வாரியிறைக்கும் மணல் நேராக அடிக்காதபடி ஒரு கம்பி வலை. தண்ணீர்த் தொட்டியையும் அங்கேயே, கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் வையுங்கள். இன்ஜின் பின்னால் தொங்குவதால் உங்கள் பக்கிக்கு மூக்கு லேசாக இருக்கும், ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிக்காமல் நழுவும். அந்த எட்டு லிட்டரின் எடை முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குறையும் கொஞ்சம் தணியும். எனக்கு இந்த யோசனையில் மிகப் பிடித்தது இதுதான்.

இன்ஜின் ரேடியேட்டர் தண்ணீரோடு இதைச் சேர்க்கவே கூடாது. அது 90 டிகிரித் தண்ணீர். தனிச் சுற்று, தனித் தொட்டி. நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் மின்பம்ப் போதும். அதைச் சுற்றின் தாழ்ந்த இடத்திலும் தொட்டியை அந்தப் பம்பைவிட உயரத்திலும் வையுங்கள். உங்கள் வண்டியில் கூலர் பின்னால் உயரத்தில் இருக்கிறது, தொட்டி முன்னால் தாழ்வாக. அதனால் கூலரின் தலையில் காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு கண்டிப்பாக வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் சிக்கினால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் நகராது. சாவி போட்டதும் பம்ப் ஓடட்டும். சூடேறிய பிறகு ஓட விடுவதில் அர்த்தமில்லை. உங்கள் ஊரில் தண்ணீர் உறையாது, ஆகவே பச்சைக் கூலண்டை அப்படியே ஊற்றத் தேவையில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் துருத்தடுப்பு மருந்து மட்டும் கலந்தால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

ஒரே ஒரு பயம் உண்டு. கூலரின் உள்ளே ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பழைய சாமான் வாங்கினால், மாட்டும் முன் தண்ணீர்ப் பக்கத்தை அடைத்து 2 பார் காற்றேற்றி, வாளியில் அமுக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு குமிழ் வந்தாலும் அதை எடைக்குப் போட்டுவிடுங்கள், பற்றவைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

கடைசியாக, காற்று வெப்ப சென்சார். பல ஈஜே20 டர்போக்களில் அது ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே, ஃபில்டர் பக்கம் இருக்கிறது. டர்போவைத் தாண்டிய காற்று எவ்வளவு கொதிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு தனி சென்சாரும், டேஷில் ஒரு மீட்டரும் வையுங்கள். ஏற்றத்தில் முள் 60, 65-க்குள் நின்றால் நிம்மதி. 80-ஐத் தாண்டினால் காலை எடுங்கள். பெட்ரோல் சூப்பர் 98 மட்டும். இதெல்லாம் முடியும்வரை பூஸ்டை 0.5 பாருக்கு இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பிஸ்டன் உருகினால் வேறு மாதிரி சுளிப்பார் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரையும் மெத்தனாலையும் கலந்து இன்டேக்கில் தெளித்தால் இன்டர்கூலரே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தெளித்தால் குளிர்வது உண்மை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல் சூட்டைக் குடிக்கும். 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்கிற அமெரிக்கக் கார் இதை நம்பியே டர்போவோடு கடைக்கு வந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம், அதற்கென்று தனித் தொட்டி. வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்டைக் கட்டுப்படுத்த அந்தக் கம்பெனி ஒரு வால்வு வைத்திருந்தது. நீங்கள் கல்லூரிப் பட்டறையில் கட்டும் வண்டியில் அந்த வால்வு இருக்குமா? நாசில் அடைத்தாலோ தொட்டி வறண்டாலோ அடுத்த நொடியே இன்ஜின் தட்டும். கூலர் ஒன்று இருந்து, அதற்கு மேல் துணையாகத் தெளிப்பதென்றால் தாராளமாகச் செய்யுங்கள், வெறும் தண்ணீரே போதும். மெத்தனால் விஷம். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அதைக் கல்லூரிக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: லாரியில் கரும்புகை, மேட்டில் இழுவை இல்லை. டர்போவை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பெருஞ்செலவு. மாற்றித்தான் ஆக வேண்டுமா? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

பதில்: பொறுங்கள் அண்ணே. டீசலில் கரும்புகை என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். டர்போ நல்ல காற்றைக் கொடுத்தும் அது வழியில் ஒழுகலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைப் பாருங்கள். ஓரிடத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கருவளையம் போல இருந்தால் ஒழுகல் அங்கேதான். டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து, 1 பார் காற்றேற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கிளாம்புக்கு அடியில் நுரை மெல்லப் பொங்கும். ஹோஸின் அடிவயிற்றில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் கீறல் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இன்டர்கூலரின் முகத்தில் பூச்சியும் உமியும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு டர்போவின் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இறக்கை கூண்டில் உரசினால் மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.